டைனமோவில் கேட்ட பதினெட்டுப் பாடல்கள்: பெற் ஷொப் போய்ஸின் 'டிஸ்கோகிராஃபி'

பெற் ஷொப் போய்ஸ் என்னும் ஆங்கிலேய இருவர் குழு 1985 முதல் 1991 வரை வெளியிட்ட சிங்கிள் பாடல்களை, அதாவது தனித்தட்டாக விற்பனைக்கு விட்ட பாடல்களை, ஒன்று நீங்கலாக, வெளிவந்த வரிசையிலேயே அடுக்கித் தரும் தொகுப்பு 'டிஸ்கோகிராஃபி'. பார்லஃபோன் நிறுவனம் 1991 நவம்பரில் இதை வெளியிட்டது. பதினெட்டுப் பாடல்கள், ஒரு குறுவட்டின் கொள்ளளவை ஏறத்தாழ விளிம்புவரை நிரப்பிவிடுகின்றன. இதே குழுவின் பாடல்களைத் திரட்டிய வேறு இரண்டு பெரிய தொகுப்புகள் பின்னர் வந்துவிட்டன. 2003 இல் 35 பாடல்களுடன் 'பொப்ஆர்ட்' வந்தது. 2023 இல் 55 பாடல்களுடன் 'ஸ்மாஷ்' வந்தது. அவை இருக்கும்போது பழைய, சிறிய தொகுப்பை இன்று ஒருவர் ஏன் தேடி வாங்க வேண்டும் என்று கேட்பது நியாயமே. வாங்க வேண்டும் என்பதுதான் என் முடிவு. அதற்கான காரணம் பாடல்களின் எண்ணிக்கையில் இல்லை, அவை நிற்கும் வரிசையில் இருக்கிறது.

இத்தொகுப்பின்மீது எனக்கு ஒரு பக்கச்சார்பு உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 1984 இல் இலண்டன் சென்ற என் மாமா, தன்னிடமிருந்த குறுவட்டைத் தொண்ணூறு நிமிடக் கசெற் ஒன்றில் பதிந்து, கொழும்புக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். அது வவுனியாவைத் தாண்டி, கிளாலிக் கடலேரியை இரவில் படகில் கடந்து, 1993 இல் கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தைக்கு வந்து சேர்ந்தது. உள்ளட்டையில் பதினெட்டுத் தலைப்புகளையும் மாமா தன் சாய்ந்த கையெழுத்தில் எழுதியிருந்தார். அக்கையெழுத்தின் புண்ணியத்தில் 'பீயிங் போரிங்' என்ற தலைப்பைப் 'பீயிங் போர்ன்' என்றே பல மாதங்கள் வாசித்துக்கொண்டிருந்தேன். மேலும், தொண்ணூறு நிமிடக் கசெற்றின் ஒரு பக்கம் பத்துப் பாடல்களை முழுதாகவும் பதினோராவதைக் குறையாகவுமே கொள்ளும். மாமா அதைப் பொருட்படுத்தவில்லை. 'லெஃப்ட் டு மை ஓன் டிவைசஸ்' இறுதி நிமிடத்தை எட்டும் வேளையில் நாடா முடிந்து 'டக்' என்று பொத்தான் மேலே எழும். மறுபக்கம் பன்னிரண்டாவது பாடலுடன் தொடங்கும்.

1990 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்று. அக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பாட்டுக் கேட்டவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வழிதான் எங்களுக்கும் இருந்தது: சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பின்சில்லில் டைனமோவைச் சாய்த்து, அதன் ஆறு வோல்ற் மின்னோட்டத்தை ஒரு டயோட்டின் வழியே நேராக்கி, நான்கு பற்றரிகள் போடும் இடத்தில் இரண்டு வயர்களைச் செருகிவிட்டு, ஒருவர் கையால் மிதிகட்டையைச் சுற்ற வேண்டும். என் தம்பிதான் சுற்றுவான். சினிமாப் பாட்டுக் கசெற்றுகளைப் போட்டால் வேகத்தில் சிறு ஏற்றத்தாழ்வு வந்தாலும் காது மன்னித்துவிடும், ஏனெனில் வயலினும் குழலும் மனிதக் குரலும் இயல்பாகவே சற்று அசைபவை. இயந்திரத்தால் அளந்து வைத்த தாளமும், நீண்டு நிற்கும் சிந்தசைசர் சுரமும் அப்படியல்ல. தம்பியின் கை இம்மியளவு தளர்ந்தாலும் முழுப் பாட்டும் மெழுகுபோல் உருகி இறங்கும், பாடுபவரின் மெல்லிய குரல் திடீரெனக் கனத்துப்போகும். இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. அவன் பாட்டின் தாளத்துக்கு ஏற்பவே சுற்றுவான். கை களைத்தால் தாளம் களைக்கும். களைத்த தாளத்தைக் கேட்டு அவன் இன்னும் மெதுவாகச் சுற்றுவான். டைனமோவில் கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமற்ற இசை உலகில் இருக்க முடியாது என்று அன்றே எனக்குப் புரிந்தது. எனினும் ஒரு பாடலின் எலும்புக்கூட்டை அறிந்துகொள்ள அதைவிட நல்ல பயிற்சியும் எனக்குக் கிடைத்ததில்லை.

இருவரில் பாடுபவர் நீல் டெனன்ற். இயந்திரங்களின் பின்னே அசையாமல் நிற்பவர் கிறிஸ் லோ. இருவரும் 1981 ஆகஸ்டில் இலண்டன் கிங்ஸ் ரோட்டில் உள்ள மின்னணுப் பொருள் கடை ஒன்றில் தற்செயலாகச் சந்தித்தவர்கள். டெனன்ற் பின்னர் 'ஸ்மாஷ் ஹிட்ஸ்' என்னும் பொப் இதழில் துணை ஆசிரியராக இருந்தார். லோ லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை பயின்றவர். பயிற்சிக் காலத்தில் மில்டன் கீன்ஸ் நகரில் ஒரு படிக்கட்டை வடிவமைத்ததாகச் சொல்வார்கள். பாடல்களைப் பற்றி எழுதிப் பழகிய ஒருவரும் படிக்கட்டை அளந்து பழகிய ஒருவரும் சேர்ந்தால் எத்தகைய இசை பிறக்குமோ, அதுவே பிறந்திருக்கிறது. பிராணிகள் விற்கும் கடையில் வேலை செய்த நண்பர்களை நினைத்து வைத்த பெயர்தான் பெற் ஷொப் போய்ஸ். யாழ்ப்பாணத்தில் பொப் என்றால் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும்தான்; கித்தாரும் கைதட்டலும் பைலா துள்ளலும் இல்லாமல் பொப் இல்லை என்றே வளர்ந்தோம். ஒருவர் நின்ற இடத்தில் நின்று பாட, மற்றவர் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒரு விரலால் விசையை அழுத்துவதும் பொப் தான் என்பதை ஏற்றுக்கொள்ள எங்கள் வீட்டில் சற்றுக் காலம் எடுத்தது.

தொகுப்பின் முதல் ஒலி இசை அன்று. தெருவில் நடப்பவரின் காலடியும் வாகன இரைச்சலுமே முதலில் கேட்கின்றன. 'வெஸ்ற் என்ட் கேர்ள்ஸ்' அப்படித்தான் தொடங்குகிறது. இப்பாடலை அவர்கள் முதலில் நியூயோர்க்கில் பொபி ஓர்லாண்டோ என்ற தயாரிப்பாளருடன் பதிந்து 1984 இல் வெளியிட்டார்கள். பிரித்தானியாவில் அது எடுபடவில்லை. பின்னர் ஸ்டீபன் ஹேக் அதைத் தயாரித்துப் புதிதாகப் பதிந்தார். 1985 இல் வெளிவந்த அந்த வடிவம் 1986 ஜனவரியில் பிரித்தானியாவிலும், அதே ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவிலும் முதலிடத்தைப் பிடித்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டவர்களுக்கு வேறுபாடு உடனே தெரியும். முன்னையது ஆடவைக்கப் பாடுபடுகிறது. பின்னையது எதற்கும் அவசரப்படுவதில்லை. அடியில் பேஸ், அதாவது தாழ்சுர இசை, ஒரே வட்டத்தைச் சுற்றிச் சுற்றி நடக்கிறது. மேலே கோரஸ் குரல்போன்ற சிந்தசைசர் படலம் மூடுபனியாக நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் டெனன்ற் பாடாமல் பேசுகிறார். டி. எஸ். எலியட்டின் 'பாழ்நிலம்' கவிதையில் பல குரல்கள் ஊடறுத்துப் பேசுவதும், நியூயோர்க் ராப் பாடல் ஒன்றும் சேர்ந்து தூண்டியதே இந்தப் பேச்சு என்று அவர் சொல்லியிருக்கிறார். மின்சாரம் இல்லாத ஊரில், இருட்டில், மின்விளக்குகளால் நிரம்பிய ஒரு தெருவின் காலடியோசையைக் கேட்பது எப்படியிருந்தது என்று சொல்ல முயன்றால் மிகைப்படுத்திவிடுவேன். தம்பிக்கு அந்தக் காலடிகள் மிகவும் பிடிக்கும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பாட்டுத் தொடங்குமுன் வருவதால் அவற்றின் வேகம் தவறினாலும் யாரும் குறை சொல்ல முடியாது.

டெனன்றின் குரலைப் பற்றிப் பேசாமல் இத்தொகுப்பை மதிப்பிட முடியாது. அது பெரிய குரல் அன்று. மூக்கடியில் நிற்கும் மெல்லிய, தெளிவான குரல். எந்தச் சொல்லையும் அழுத்தி உருக்குவதில்லை, எந்தச் சுரத்திலும் கமகமாக நடுங்குவதில்லை. துயரப் பாட்டென்றால் தொண்டை கம்மி, சுரம் தழுதழுத்து, கடைசி வரியில் ஒரு விம்மலாவது கேட்க வேண்டும் என்று திரையிசை நம் காதைப் பழக்கியிருக்கிறது. அந்தக் காதுக்கு இக்குரல் முதலில் அக்கறையற்றதாகவே படும். என் அம்மா ஒருநாள் கேட்டுவிட்டு, "இவர் செய்தி வாசிக்கிறாரோ?" என்றார். அம்மா சொன்னது பிழையில்லை. ஆனால் செய்தி வாசிப்பவரின் குரல் நடுங்காமல் இருப்பதாலேயே சில செய்திகள் நம்மை நடுக்குகின்றன அல்லவா? இவர் பாடும் விதமும் அதுவே. உணர்ச்சி குரலில் ஏறுவதில்லை. ஸ்வர அடுக்குகளில், அதாவது கோர்டுகளில், ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது. குரல் சமநிலையில் நிற்க, அடியில் இசை சோகச் சாயல் கொண்ட மைனர் கோர்டுகளுக்குச் சரியும். கேட்பவர் தானே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டிய துயரம் அது. பதினெட்டுப் பாடல்களையும் ஒரே மூச்சில் கேட்கையில், இந்த ஒளித்துவைப்பு ஆண்டுக்கு ஆண்டு நுணுக்கமாவதை வரிசையே காட்டிக்கொடுக்கிறது.

இரண்டாம், மூன்றாம் பாடல்களை விரைவாகக் கடந்துவிடலாம். 'லவ் கம்ஸ் குவிக்லி' இதமான பாட்டு, அவ்வளவே. 'ஒப்பர்சூனிற்றீஸ்' தாட்சர் காலத்துப் பண ஆசையைக் கேலி செய்வது; கேலி என்பதை அறியாமல் அதைப் பணக்காரனாகும் மந்திரமாக எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. 'சபேர்பியா' நாய்க்குரைப்போடு தொடங்கும். இரவில் நாய் குரைத்தால் காதைக் கூர்மையாக்கும் ஊர் எங்களுடையது. எங்கள் வீட்டு நாய் கசெற்றுக்குப் பதில் குரைத்து அயலையும் எழுப்பியபின், அந்த இடத்தை இரவில் வேகமாக ஓடவிட்டுக் கடப்பது வழக்கமாயிற்று.

ஐந்தாவது பாடலில் நின்றே ஆக வேண்டும். 'இட்ஸ் அ சின்' 1987 இல் பிரித்தானியாவில் முதலிடம் பிடித்தது. நியூகாசிலில் கத்தோலிக்கப் பாடசாலையில் படித்த டெனன்ற், தான் செய்ததும் செய்யப்போவதும் நினைத்ததும் எல்லாமே பாவம் என்று கற்பிக்கப்பட்ட பிள்ளைப் பருவத்தைப் பற்றிப் பாடுகிறார். இடியோசையும் கோயில் ஓர்கனும் இசைக்குழு வீச்சும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் இப்பாட்டு, இத்தொகுப்பிலேயே அடக்கம் குறைந்தது, வேண்டுமென்றே மிகைப்படுத்தியது. அதன் முடிவில், இசை அடங்கும்போது, பாவசங்கீர்த்தன மன்றாட்டை அவர் இலத்தீனில் சொல்வது கேட்கும். கோட்டைச் சண்டையின்போது குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து எங்கள் அயலில் இருந்த வயோதிப அம்மா ஒருவர், ஒரு மாலை விறாந்தைத் திண்ணையில் இருந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். பாட்டு முழுவதையும் காதில் போட்டுக்கொள்ளாதவர், 'மேயா குல்பா' என்ற சொற்கள் வந்ததும் இடிப்பதை நிறுத்தி, கை தானாக எழ, நெஞ்சில் மூன்று முறை தட்டிக்கொண்டார். "தம்பி, இது பழைய பூசையில சொல்லுறதெல்லோ! ஆர் இதைக் கொண்டுபோய் இந்தக் கூத்துக்குள்ள வைச்சது?" என்று கேட்டார். என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே என்று பிறகு வந்த தமிழ்ப் பூசையில் சொல்லப்படுவதைத்தான் அவர் தன் இளமையில் இலத்தீனில் கேட்டிருந்தார். இப்பாட்டைப் பற்றி அதன்பின் நான் வாசித்த எந்த விமர்சனமும் அந்தக் கேள்வியைவிடக் கூர்மையாக இல்லை. மன்றாட்டைக் கூத்துக்குள் வைத்தது கேலியா, அல்லது விட்டு ஓட முடியாமையா என்பதே பாட்டின் முழு விடயமும்.

அடுத்து வரும் 'வட் ஹாவ் ஐ டன் டு டிசேர்வ் திஸ்?' பாடலில் டஸ்ரி ஸ்பிரிங்ஃபீல்ட் சேர்ந்து பாடுகிறார். அறுபதுகளின் பெரும் பாடகியான அவரை அப்போது இசை உலகம் பெரும்பாலும் மறந்திருந்தது. அவர்தான் வேண்டும் என்று இருவரும் பொறுத்திருந்து அழைத்து வந்தார்கள். பிரித்தானியா, அமெரிக்கா இரண்டிலும் இப்பாட்டு இரண்டாம் இடம்வரை சென்றது. டெனன்றின் உலர்ந்த குரலை அடுத்து அவர் குரல் நுழையும் இடத்தில், குளிர்ந்த அறையில் யாரோ அடுப்பை மூட்டியதுபோல் இருக்கும். அதைத் தொடரும் 'ரென்ற்', இன்னொருவரின் பணத்தில் வாழும் காதலைக் கணக்கேட்டின் நிதானத்தோடு பாடுகிறது. எட்டாவது, எல்விஸ் முன்னர் பாடிய 'ஓல்வேய்ஸ் ஒன் மை மைண்ட்'. எல்விஸ் இறந்து பத்தாண்டு நிறைவையொட்டிய தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக எடுத்துக்கொண்டது, 1987 நத்தார் காலத்தில் முதலிடத்தில் இருந்தது. மனைவியிடம் மன்னிப்புக் கேட்கும் அந்தப் பழைய பாட்டை ஆரவாரமான ஆட்டப்பாட்டாக மாற்றியபோது மன்னிப்புக் கேட்பவரின் நேர்மையில் சந்தேகம் புகுந்துவிட்டது. எல்விஸ் பாடியதைவிட இது நல்ல பாட்டு என்று துணிந்து சொல்வேன்; எல்விஸ் இரசிகர்கள் கோபிக்கட்டும்.

இயந்திரங்களைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும், ஏனெனில் இவ்விசையை 'பெட்டி இசை' என்று ஒதுக்குபவர்கள் இன்றும் உள்ளனர். 1979 இல் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் ஃபெயார்லைட் என்ற கருவி உருவானது. அமெரிக்காவில் இமியூலேற்றர் என்ற கருவி அதைத் தொடர்ந்தது. இவை ஓர் ஒலியை, அது எக்காளமாகட்டும், கண்ணாடி உடையும் சத்தமாகட்டும், எண்களாகச் சேமித்து, விசைப்பலகையில் எந்தச் சுரத்திலும் மீள ஒலிக்கச் செய்தன. 1983 இல் வந்த மிடி என்னும் பொது நியமம், வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேச வழிசெய்தது. எனவே நாற்பது பேர் வாசித்ததை இரண்டு பேர் செய்யலாம் என்றாயிற்று. இருவர் குழுக்கள் பிரித்தானியாவில் மலிந்ததற்கு இதுவே அடிப்படைக் காரணம். 1986 இல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா இத்தகைய கருவிகளோடு இசையமைத்தபோது நாமும் இதே காலத்தின் ஒலியைத்தான் கேட்டோம். ஆனால் தட்சணாமூர்த்தியின் தவிலைக் கேட்ட ஊரில், இயந்திரத் தாளம் என்பது சற்று வெட்கப்பட வேண்டிய பொருள்தான். கணக்கு மாறாதது லயம் ஆகிவிடாது என்பதை எங்கள் ஊர்த் திருவிழாவில் தவில்ச் சமா கேட்ட சிறுபிள்ளையும் அறியும். லோ இதை அறிந்தவர் என்றே நினைக்கிறேன். அவர் தாளத்தால் வித்தை காட்ட முயல்வதேயில்லை. தாளத்தைச் சுவராக எழுப்பிவிட்டு, அசைவுகளையெல்லாம் பேசுக்கும் கோர்டுகளுக்கும் விட்டுவிடுகிறார்.

'ஹார்ட்' 1988 இல் முதலிடம் பெற்றது. நான்கு முதலிடங்களில் இது கடைசி. வெற்றி தொட்டதெல்லாம் பொன்னாகும் காலத்தைக் குறிக்க டெனன்ற் 'பேரரசுக் கட்டம்' என்று ஒரு தொடரை உண்டாக்கினார். அத்தொடர் இன்று பொப் விமர்சனத்தில் பொதுச்சொத்து. மயாமியில் பதிந்த, இலத்தீன் அமெரிக்கத் துள்ளல் கொண்ட 'டொமினோ டான்சிங்' எதிர்பார்த்த உயரத்துக்கு ஏறாதபோதே அக்கட்டம் முடிந்ததென்று அவரே சொல்லியிருக்கிறார். தொகுப்பில் இவ்விடம் பத்தாவது பாடல். அதாவது, தங்கள் ஆட்சி முடிந்ததாக அவர்களே கருதிய இடத்துக்குப் பிறகு இன்னும் எட்டுப் பாடல்கள் இருக்கின்றன, என் கணிப்பில் சிறந்தவையும் அவற்றுள்தான் இருக்கின்றன. வெற்றிகளை முன்னும் பின்னுமாகக் கலைத்துப் போடும் தொகுப்புகளில் இந்த வளைவு புலப்படாது.

அந்த எட்டில் முதலாவது, மாமாவின் நாடா அறுத்த 'லெஃப்ட் டு மை ஓன் டிவைசஸ்'. டிரெவர் ஹோர்ன் தயாரித்த இப்பாட்டில், முழு வாத்திய இசைக்குழுவும் ஹவுஸ் என்னும் மின்னணு ஆட்ட இசையின் தாளமும் மோதிக்கொள்ள, மேலே ஓபரா பாடகி ஒருவரின் குரல் பறக்க, நடுவில் டெனன்ற் தான் காலையில் எழுந்து தேநீர் குடித்ததிலிருந்து அன்றைய நாளை ஒப்புவிக்கிறார். இத்தனை படாடோபம் இத்தனை சாதாரணமான நாளுக்கா என்பதுதான் நகைச்சுவை. அந்தத் தனியனின் நாள் அவனுக்கு அத்தனை பெரிதுதான் என்பதுதான் துயரம். இதன் முடிவைக் கேட்க எனக்குப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. 1995 இடப்பெயர்வில் கசெற் வீட்டோடு போய்விட்டது. 2007 இல்தான் குறுவட்டு ஒன்று கைக்கு வந்தது. ஆவலோடு போட்டுக் கேட்டேன், முடிவும் வந்தது. அதன் பிறகே தெரிந்தது, குறுவட்டில் உள்ளதும் வெட்டிய வடிவம்தான் என்று. 1988 இன் 'இன்ட்ரொஸ்பெக்டிவ்' இசைத்தொகுப்பில் இதே பாட்டு எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. வெட்டியதைத்தான் மாமா மேலும் வெட்டியிருந்தார்.

இத்தொகுப்பின் பெருங்குறையும் இதுவே. 'இன்ட்ரொஸ்பெக்டிவ்' தொகுப்பின் ஆறு பாடல்களும் நீண்டு விரிவதற்கென்றே அமைக்கப்பட்டவை. அவற்றுள் இங்கே இடம்பெற்றவை வானொலிக்கேற்ற நான்கைந்து நிமிடக் குறு வடிவங்களிலேயே உள்ளன. 'டொமினோ டான்சிங்' அதனால் பெரிதும் இழக்கவில்லை. சிக்காகோ ஹவுஸ் பாடல் ஒன்றின் மறுவடிவமான 'இட்ஸ் ஓல்ரைட்' மிகவும் இழந்திருக்கிறது. மெல்லக் கூடிவர வேண்டிய நம்பிக்கை, இங்கே வந்தவுடன் விடைபெற்றுவிடுகிறது.

1990 இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில், ஹரல்ட் ஃபால்டர்மையரின் கலையகத்தில், பழைய அனலொக் சிந்தசைசர்களைத் தேடிப் பிடித்துப் பதிந்த 'பிஹேவியர்' இசைத்தொகுப்பிலிருந்து மூன்று பாடல்கள் இங்கே உள்ளன. 'சோ ஹார்ட்' அவற்றுள் முதலாவது; பொய் சொல்லும் இருவர் ஒரே வீட்டில் வாழும் கதை. அடுத்தது 'பீயிங் போரிங்'. பிரித்தானியாவில் அது இருபதாம் இடத்தோடு நின்றது. இன்று இக்குழுவின் இரசிகர்களைக் கேட்டால் பெரும்பாலோர் முதலில் சொல்வது இதைத்தான். மூன்று பந்திகளும் மூன்று காலங்கள். பழைய புகைப்படங்களையும் விருந்து அழைப்பிதழ்களையும் ஒருவர் கண்டெடுப்பது முதற்பந்தி. ஊரைவிட்டுப் புகைவண்டி ஏறிய இளமை இரண்டாம் பந்தி. தான் நினைத்ததுபோல் ஆகிவிட்ட மனிதர், அன்று கூட இருந்தவர்களில் சிலர் இன்று இல்லை என்பதைப் பார்ப்பது மூன்றாம் பந்தி. எயிட்ஸ் நோயால் இறந்த தன் இளமை நண்பரை நினைத்து டெனன்ற் எழுதியது. நெடுநேரம் நீளும் தொடக்க இசையில் கித்தார் மெல்லத் திறந்து மூடுகிறது. தாளம் நுழையும்போதும் அது ஆட அழைப்பதில்லை, உடன் நடப்பதுபோல் மட்டும் வருகிறது. கவனித்துக் கேட்டால், மூன்றாம் பந்தியின் மிகக் கனமான வரியிலும் குரல் முதற்பந்தியின் அதே அளவில் நிற்பது தெரியும். ஒரு சுரம்கூட உயராது, ஒரு சொல்கூட இழுபடாது. பாட்டின் இரக்கம் முழுவதும் அந்த உயராமையில்தான் இருக்கிறது.

1993 இல் எனக்கு அந்த ஆங்கிலம் பாதிதான் விளங்கியது. தலைப்பைப் 'பிறத்தல்' என்று வாசித்துக்கொண்டிருந்ததால், யாரோ பிறந்த கதையைப் பாடுகிறார் என்றே நினைத்தேன். இராகம் மட்டும் வேறு ஏதோ சொல்லியது. பின்னர், சொற்கள் விளங்கிய வயதில் மறுபடி கேட்டபோது, உயர்தர வகுப்பில் எடுத்த படத்தில் நிற்கும் இருபத்தாறு பேரில் எத்தனை பேரின் இருப்பிடத்தை என்னால் சொல்ல முடியும் என்று எண்ணிப் பார்த்தேன். பதினொன்று வந்தது. டெனன்ற் எழுதியது வேறு ஊர், வேறு நோய், வேறு இழப்பு. அதை எங்கள் கதையாக்கிக்கொள்ளும் உரிமை எனக்கில்லை. பாட்டின் குரல் உயராமல் இருந்ததால் எண்ணி முடிக்க முடிந்தது என்பதை மட்டும் பதிகிறேன்.

எஞ்சியவை நான்கு. யூ2 குழுவின் பக்திப்பரவசமான ரொக் பாட்டையும், அறுபதுகளின் இலகுவான காதற்பாட்டு ஒன்றையும் ஒரே தாளத்தில் தைத்த பதினைந்தாவது பாடல், இத்தொகுப்பின் ஆகச் சிறந்த குறும்பு. இரண்டும் ஒரே பாட்டுத்தானோ என்று தோன்றும்படி தையல் அத்தனை சுத்தம். இதனோடு ஒரே தட்டில், சம முக்கியத்துவத்தோடு, இரட்டை முகப்பாக வெளிவந்த 'ஹவ் கான் யூ எக்ஸ்பெக்ட் டு பி டேக்கன் சீரியஸ்லி?' பாடலே இத்தொகுப்பில் விடுபட்ட ஒன்று. பொப் நட்சத்திரங்களின் தர்மவான் வேடத்தை நையாண்டி செய்யும் அப்பாட்டு இங்கே இல்லாதது இழப்புத்தான். 'ஜெலஸி' அவர்கள் தொடக்க காலத்திலேயே எழுதி வைத்திருந்த பாட்டு. வாத்திய இசைக்குழுவோடு அழகாக வீங்குகிறது, எனக்குச் சற்று அதிகமாகவே வீங்குகிறது. இறுதி இரண்டும் இத்தொகுப்புக்கென்று வந்த புதியவை. வளைகுடாப் போர் நடந்த ஆண்டில் எழுதிய 'டிஜே கல்ச்சர்', போரைப் பேசும் மொழியும் பாட்டுத் துண்டுகளை ஒட்டும் கலையும் ஒரே வகை வெட்டி ஒட்டல்தான் என்கிறது. ஷெல் விழும் ஊரில் இருந்து கேட்ட எனக்கு அது கெட்டித்தனமாக மட்டுமே பட்டது. இன்றும் அந்த அபிப்பிராயம் மாறவில்லை. 'வோஸ் இட் வேர்த் இட்?' ஆரவாரமாகத் தன் வாழ்க்கைத் தெரிவைக் கொண்டாடுகிறது. பதினெட்டாவதாக வைக்கத் தகுந்த பாட்டு, ஆனால் தனியாகத் தேடிக் கேட்கத் தோன்றாத பாட்டு.

பிந்திய தொகுப்புகளோடு ஒப்பிட்டால் எது வாங்கலாம்? 'பொப்ஆர்ட்' காலவரிசையைக் கைவிட்டு, ஒரு தட்டில் பொப், மறு தட்டில் ஆர்ட் என்று பாடல்களைப் பிரிக்கிறது. எண்ணம் சுவையானது, ஆனால் 'பீயிங் போரிங்' எதற்குப் பிறகு வந்தது என்பதை அது சொல்லாது. 'ஸ்மாஷ்' காலவரிசைக்குத் திரும்புகிறது, 1993 இன் 'கோ வெஸ்ட்' உட்பட அனைத்தையும் தருகிறது. ஆயினும் 55 பாடல்களை யாரும் ஒரே இருப்பில் கேட்பதில்லை. அது அலுமாரியில் வைக்கும் ஆவணம். இதே காலத்தில் வந்த மற்ற இருவர் குழுக்களின் தொகுப்புகளில், 1991 இன் யூரித்மிக்ஸ் தொகுப்பு குரலால் இதைவிட வலியது; 1992 இன் இரேஷர் தொகுப்பு இதைவிட உற்சாகமானது. ஆனால் இரண்டிலும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒருவர் வயதாவதைக் கேட்க முடியாது. 'டிஸ்கோகிராஃபி'யில் ஆறு ஆண்டுகள் ஒன்றேகால் மணி நேரத்தில் நடக்கின்றன. தெருவில் பெருமிதமாக நடந்து வந்த இளைஞன், இறந்தவர்களை எண்ணும் மனிதனாகி விடைபெறுகிறான்.

வாங்குபவர்கள் குறுவட்டாகவே வாங்குவது நல்லது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள உறவினர்களிடம் சொல்லிவைத்தால், பழைய பொருள் விற்கும் கடைகளில் ஒரு தேநீரின் விலைக்கு எடுத்துத் தருவார்கள். என்னுடையதும் அப்படி வந்ததே. உறை கீறியிருந்தது, தட்டில் பிழையில்லை. குறுவட்டுக் கருவி இல்லாதவர்கள், கைபேசியில் பதினெட்டுப் பாடல்களையும் இதே வரிசையில் நிரல்படுத்திக் கேட்கலாம். பதினோராவதை மட்டும் 'இன்ட்ரொஸ்பெக்டிவ்' தொகுப்பிலிருந்து முழு நீளத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். பாடல்களைக் கலைத்துப் போடும் பொத்தானைத் தொடாதீர்கள்.